வெள்ளிக்கிழமைப் பொட்டு

வெள்ளி, பௌர்ணமிப் போயா விடுமுறை. இரவு.

வளைவுகளில் கடகடக்கும் எங்கள் காரின் எக்சலை வீட்டிலேயே மாற்றிவிடலாமா என்று பார்க்க, வாசலில் ஜக் அடித்துக் காரைத் தூக்கி முன் சக்கரத்தைக் கழற்றினேன். உள்ளே என் மணிக்கட்டுப் பருமன்கூட இல்லாத ஓர் இரும்புத் தண்டு; அதுதான் எக்சல். எங்கள் ஐந்து பேரையும் மூட்டைகளையும் கடுகண்ணாவை மலை ஏற்றத்தில் இழுத்தது இதுதானா? ஸ்பேனரைப் பிடித்தபடி பார்த்துக்கொண்டே இருந்துவிட்டேன்.

வெள்ளிதோறும் பொனட்டுக்குப் பொட்டு வைக்கும் மனைவி, சந்தனக் கிண்ணத்தோடு வந்து எட்டிப் பார்த்தாள்.

"என்னங்க, இதுதான் நம்மள இழுத்துக்கிட்டு போவுதா?"

"இதேதான்."

"இவ்வளவு நாளா பொட்ட எடம் மாத்தி வச்சிருக்கேனே!"

குனிந்து, கிரீஸ் பிசுக்கின் மேலேயே ஒரு பொட்டு வைத்தாள். அதற்குப் பிறகு அதில் சுத்தியலால் தட்ட எனக்குக் கை வரவில்லை. நாளை கெலிஓயாவில் இருக்கும் மெக்கானிக்கைக் கூப்பிட வேண்டும். கழற்றியதைப் பழைய இரும்போடு போட்டுவிடாதே என்று அவனிடம் முதலிலேயே சொல்லிவிட வேண்டும்.