எதிரணிக்கு எடுத்துக்கொடுத்தேன்

அன்புள்ள குட்டிக்கு,

இங்கே எல்லோரும் நலம். உன் நலத்தைக் கவனிக்க அங்கே ஒரு மருத்துவர் படையே இருப்பதால் அதை விசாரிக்கப்போவதில்லை. ஆறு மாதம் விண்வெளியில் இருக்கப்போகிறவளை வழியனுப்ப வரமாட்டேன், வேலை இருக்கிறது என்று நான் சொன்னதிலிருந்து நாம் சரியாகப் பேசவில்லை. ஃபோனில் ஆரம்பித்தால் சண்டையில் முடியும். அதனால் எழுதுகிறேன்.

போன வெள்ளிக்கிழமை பல்கலைக்கழகத்தில் ஒரு விவாதம். ‘மனிதன் இன்னும் காணாத கடைசி எல்லை விண்வெளியே’ என்பது தலைப்பு. ஆமாம் என்று பேச வானியல் பேராசிரியர். இல்லை, கடல்தான் என்று பேச நான். இத்தனை வருடமாகக் கடலடிச் சேற்றைச் சலித்துக்கொண்டிருப்பவளை விட்டால் வேறு யார்?

நன்றாகத்தான் ஆரம்பித்தேன். ஒரு ஜாடியில் சேறு கொண்டுபோயிருந்தேன். நிலாவின் முகம் தெரிந்த அளவுக்குக் கூட நமக்குக் கடலின் தரை தெரியாது, இந்த ஜாடிக்குள்ளேயே பெயர் வைக்காத புழுக்கள் இருக்கின்றன, வாசலில் கிடப்பதைப் பார்க்காமல் ஏன் கூரையில் ஏறுகிறீர்கள் என்று கேட்டேன். ‘கடைசி’ என்ற சொல்லின் மேலேயே எனக்குச் சந்தேகம் என்றும் சொன்னேன். நல்ல கைதட்டல். பேராசிரியரின் முகம் சுருங்கிவிட்டது. முதல் வரிசையில் உன் அத்தான் பெருமையாகக் காலை ஆட்டிக்கொண்டிருந்தார்.

அப்போது ஒரு மாணவி எழுந்து அவரைக் கேட்டாள்: “அங்க போய்த் தண்ணி தீந்துபோச்சுன்னா என்ன சார் பண்ணுவாங்க?”

அவர் நட்சத்திரங்களைப் படிப்பவர். “கொஞ்சமாத்தான் குடிக்கணும்” என்று இழுத்தார். அரங்கமே சிரித்தது. ஜெயித்த ஆட்டம், நான் வாயை மூடிக்கொண்டு இருந்திருக்கலாம். தப்பைக் கேட்டுவிட்டுச் சும்மா இருக்க என்னால் முடியாது என்பது உனக்குத்தான் தெரியுமே. எழுந்து, வியர்வையும் சிறுநீரும்கூடச் சுத்தமாகித் திரும்பக் குடிநீராகும், தண்ணீரைப் பிரித்தே மூச்சுக்காற்றும் எடுப்பார்கள் என்றேன். (என் எச்சில் டம்ளரைத் தந்தேன் என்று ஒருநாள் முழுக்கச் சாப்பிடாமல் அழுதவள் நீ. என்ன செய்யப்போகிறாயோ!) அதோடு நிறுத்தினேனா? தீப்பிடித்தால் எந்த வழி, யாருக்காவது உடம்பு முடியாமல் போனால் எப்படிக் கீழே கொண்டுவருவார்கள் என்று மூச்சுவிடாமல் சொல்லிக்கொண்டே போனேன். பேராசிரியர் நாற்காலியை என் பக்கம் திருப்பிப் போட்டுக்கொண்டு கேட்டார்.

பின்வரிசையிலிருந்து ஒருவன் கத்தினான்: “மேடம், நீங்க எந்தக் கட்சி?”

கையைத் தூக்கச் சொன்னார்கள். விண்வெளி ஜெயித்தது. எதிரணிக்கு எடுத்துக்கொடுத்துத் தோற்றவள் இந்தப் பல்கலைக்கழகத்திலேயே நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன்.

காரில் அத்தான் கேட்டார்: “இதெல்லாம் எப்பப் படிச்ச?”

நீ தேர்வானதைச் சொன்ன நாளிலிருந்துதான். உன்னிடம் பைத்தியக்காரத்தனம் என்று சொல்லிவிட்டு, கதவைச் சாத்திக்கொண்டு கிடைத்ததையெல்லாம் படித்தேன்.

“இவ்வளவு பயத்தை வச்சுக்கிட்டா அவகிட்ட வேலை இருக்குன்னு சொன்ன?” என்றார். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது, அவருக்கும். சிக்னல் பச்சையானதுகூடத் தெரியாமல் சிரித்துக்கொண்டிருந்தோம். பின்னால் நின்ற வண்டிகளெல்லாம் எங்களைத் திட்டித் தீர்த்தன.

வருகிறேன், குட்டி. டிக்கெட் எடுத்தாயிற்று. கிளம்பும் முன் உனக்குக் கிருமி ஒட்டிவிடக்கூடாது என்று கண்ணாடிக்கு அந்தப் பக்கம் நீ, இந்தப் பக்கம் நாங்கள், கையசைக்க மட்டும்தான் விடுவார்களாம். எனக்கு அதுவே வசதி. கட்டிப்பிடித்து அழுகிற பழக்கம் நம் இருவருக்கும் கிடையாது.

கட்சி மாறிவிட்டேன் என்று நினைக்காதே. நான் இன்னும் கடல் பக்கம்தான். உன்னோடு உட்கார்ந்து பேசித் தீர்க்கவேண்டிய வாதங்கள் நிறைய இருக்கின்றன. கண் நிறையப் பார்த்துவிட்டு வா. மெதுவாகவே வா. ஆனால் வா.

உன்,
அக்கா