கழுவாமல் வந்த கால்

காட்டூர்,
ஈஸ்டர் முடிந்த செவ்வாய்

அன்பு மகள் சுஜாவுக்கு அம்மா எழுதுவது. ஆண்டவர் தயவில் முழங்கால் வலியைத் தவிர இங்கே குறையில்லை. நீயும் மாப்பிள்ளையும் பிள்ளையும் துபாயில் சுகமாயிருக்க ஜெபிக்கிறேன். பிள்ளைக்கு அந்த ஏசி ஒத்துக்கொள்கிறதா?

இதைப் பேச்சில் சொன்னால் அழுதுவிடுவேன், அதனால் எழுதுகிறேன். இன்னொருத்தியோடு போன உங்க அப்பா இத்தனை வருஷம் கழித்துத் தவக்காலத்தில் திரும்பி வந்ததும், நான் முன்னறையில் பாய் போட்டதும் உனக்குத் தெரியும். அந்த ஆள் இருந்தால் பிள்ளையின் ஞானஸ்நானத்துக்கு ஊருக்கே வரமாட்டேன் என்றாய். உன் கோபம் நியாயம்தான். ஆனால் பெரிய வியாழனன்று நடந்ததைக் கேள். பாதம் கழுவும் சடங்குக்குப் பேர் கொடுத்தவர்கள் வழக்கம்போல வீட்டிலேயே சோப்புப் போட்டுத் தேய்த்துவிட்டுத்தான் வந்திருந்தார்கள். கழுவின காலைப் பங்குச் சாமியார் எதற்கு மறுபடி கழுவுகிறார் என்று எனக்கு ரொம்ப நாளாகச் சந்தேகம். அன்றைக்கு ஒருவர் வரவில்லை. இயேசுவின் சீடர்கள் கணக்குக்குப் பன்னிரண்டு பேர் வேண்டுமே என்று கோவில் உபதேசியார், கடைசி வரிசையில் இருந்த உங்க அப்பாவை இழுத்துப்போய் உட்காரவைத்துவிட்டார். வேலை செய்யும் பட்டறையிலிருந்து நேராக வந்த கால், கிரீசும் வெடிப்புமாக. "வேணாம் சாமி, நான் கழுவாம வந்துட்டேன்" என்று காலை இழுத்துக்கொண்டார். சாமி அந்தக் காலைப் பிடித்துக் கழுவினார். தண்ணீர் கறுத்துப்போனது. துடைத்து, குனிந்து முத்தமிட்டார். உங்க அப்பா தேம்பித் தேம்பி அழுதார். நன்றாக அழட்டும் என்றுதான் முதலில் நினைத்தேன், பொய் சொல்வானேன்.

அதிலிருந்து எனக்கு ஒரே யோசனை. யூதாசும் அந்தப் பன்னிரண்டு பேரில் ஒருவன்தானே? காட்டிக்கொடுப்பான் என்று தெரிந்தே அவன் காலையும் இயேசு கழுவியிருப்பாரே, அப்போது அவன் முகத்தைப் பார்த்தாரா? கொஞ்சம் அழுத்தித் தேய்த்திருக்க மாட்டாரா? சாமியிடமே கேட்டேன். மனுஷன் வார்த்தை மாறினாலும் அவர் அன்பு மாறாது, விட்டுப்போனவர்களைத் தேடித்தான் அவர் வந்ததே என்றார். அவர் கடவுள் சாமி, நான் வெறும் வியாகுலம்மாள்தானே என்றேன். சாமி சிரித்துவிட்டார்.

நான் மன்னித்துவிட்டேனா என்று எனக்கே தெரியவில்லை, கண்ணு. சோறு போடுகிறேன், அவ்வளவுதான். நீ மன்னிக்க வேண்டும் என்றும் கேட்கவில்லை. ஆனால் அவரைப் போகச் சொல்லமாட்டேன், உன்னை வராதே என்றும் சொல்லமாட்டேன். பேரப்பிள்ளை தலையில் தண்ணீர் ஊற்றும்போது அவர் கோவில் கடைசி வரிசையிலாவது நிற்கட்டும்.

மாதா உங்கள் மூவரையும் காப்பாளாக. பிள்ளைக்குக் காய்ச்சிய தண்ணீரே கொடு. டிக்கெட் போட்டதும் எனக்குப் போன் செய். நான் ஸ்பீக்கரில்தான் போடுவேன், முன்னறை வரைக்கும் கேட்கும், இப்போதே சொல்லிவிட்டேன்.

உன் அம்மா,
வியாகுலம்மாள்