எடை பார்த்து வாங்கிய கம்ப்யூட்டர்

2002 ஆகஸ்ட் 5, திங்கள்
இன்று பதினோரு முறை நின்றுபோனது. லாரி டிரைவர்கள் பில்லுக்காகக் காத்திருக்க, நான் கம்ப்யூட்டரின் மண்டையில் தட்டிக்கொண்டிருந்தேன். முதலாளி கிருஷ்ணப்பா சார் கல்லாவிலிருந்து பார்த்துவிட்டு, "புதுசு ஒண்ணு வாங்கலாம்மா. அதுவும் இப்படி நின்னா மூட்டை கட்டிடலாம். கையால பில் போட குடோன் எத்திராஜே போதும்" என்றார். மூட்டை கட்டப்போவது கம்ப்யூட்டரை மட்டுமா? அது போனால் பெங்களூரு அடுகோடியில் இருக்கும் இந்தக் கடைக்கு ஆபரேட்டர் சிந்து, நான் எதற்கு?

ஆகஸ்ட் 8, வியாழன்
பட்ஜெட் பதினைந்தாயிரம். மானிட்டர், கீபோர்டு பழையதே போதுமாம்.

ஆகஸ்ட் 10, சனி
சாருடன் கம்ப்யூட்டர் கடைகள் இருக்கிற எஸ்.பி. ரோடு போனேன். முப்பது வருடமாக லாரி ஸ்பேர் பார்ட்ஸ் விற்கிற மனுஷர். எதையும் கையில் தூக்கிப் பார்த்துத்தான் அசலா போலியா என்று சொல்வார். கனமாக இருந்தால் அசல். கம்ப்யூட்டரையும் அப்படியே தூக்கினார்.

நாணு என்பவர் கடையில் நான் பார்த்து வைத்திருந்தது புதிதாக அசெம்பிள் செய்தது. 128 எம்பி ராம், ஒரு வருட வாரண்டி. சார் தூக்கிப் பார்த்து முகம் சுளித்தார். "என்னம்மா இது, உள்ள ஒண்ணுமே இல்ல. தகர டப்பா." பக்கத்தில் ஏதோ ஆபீஸ் கழித்துக்கட்டிய செகண்ட் ஹேண்ட் பூதம் ஒன்று. அதைத் தூக்க இரண்டு கையும் வேண்டியிருந்தது. சார் முகத்தில் மாப்பிள்ளை பிடித்துப்போன திருப்தி.

அது நம் பழையதைவிட இரண்டு வயது மூத்தது என்று நாணு என்னிடம் முணுமுணுத்தார். சாரிடம் சொன்னேன். "வயசானா என்னம்மா, இரும்பு இரும்புதான்." திங்கட்கிழமை அதை எடுப்பதாகச் சொல்லிவிட்டு வந்தோம்.

ஆகஸ்ட் 11, ஞாயிறு
ஒரு யோசனை வந்திருக்கிறது. இங்கே எழுதக்கூடக் கூச்சம்.

ஆகஸ்ட் 12, திங்கள்
எழுதியே விடுகிறேன். காலையில் ரேக்கிலிருந்து ஒரு லாரி வீல் பேரிங்கை எடுத்து டிபன் பையில் போட்டுக்கொண்டேன். இரண்டு கிலோ இருக்கும். பல்வலி என்று சொல்லிவிட்டு நேராக எஸ்.பி. ரோடு. நாணு சிரித்து முடிக்கவே ஐந்து நிமிடம் ஆனது. இரண்டாவது சிடி டிரைவுக்கான காலி இடத்தில் அது அளவெடுத்ததுபோல் உட்கார்ந்தது. ஆடாமல் முறுக்கிக் கட்டினார்.

மத்தியானம் சாருடன் மறுபடி போனேன். புதியதை இன்னொரு தடவை தூக்கிப் பார்க்கச் சொன்னேன். தூக்கினார். "அன்னிக்கு லேசா இருந்துதே?"

"ராம் போட்டிருக்கு சார்" என்றார் நாணு, சிரிக்காமல்.

சார் தலையாட்டினார். வாங்கியாயிற்று.

ஆகஸ்ட் 13, செவ்வாய்
பேரிங்கை நைசாக எடுத்து ரேக்கில் வைத்துவிடலாம் என்றிருந்தேன். ஸ்க்ரூமேல் நாணு வாரண்டி ஸ்டிக்கர் ஒட்டியிருக்கிறார். கிழித்தால் வாரண்டி போச்சு. கிடக்கட்டும், ஒரு வருடம்தானே. யார் எண்ணப்போகிறார்கள்?

செப்டம்பர் 20, வெள்ளி
ஒருமுறைகூட நிற்கவில்லை. ஸ்டாக் ரிஜிஸ்டர் முழுவதையும் ஏற்றி முடித்தேன். சார் வருகிறவர்களிடம் எல்லாம் "தூக்கிப் பாருங்க" என்கிறார்.

அக்டோபர் 9, புதன்
ஆயுத பூஜைக்குக் கடையைக் கழுவும்போது சரக்கை எல்லாம் இறக்கி எண்ணுவது வழக்கமாம். இந்த முறை என் லிஸ்ட்டை வைத்து எண்ணினார்கள். வீல் பேரிங், லிஸ்ட்டில் 24. ரேக்கில் 23.

எத்திராஜ் அண்ணனிடம்தான் இருபது வருடமாகக் குடோன் சாவி. மூன்று முறை எண்ணினார். "உன் டப்பா தப்பு காட்டுதும்மா" என்றார். சார் மெதுவாக, "ரெண்டு மாசமா அது ஒரு தப்பும் பண்ணலையே, எத்திராஜ்" என்றார்.

ரிஜிஸ்டரைப் பார்த்து அப்படியே ஏற்றினது யாரு? நான்தான். ஒண்ணைக் கழிக்கணும்னு ஏன்டி தோணல உனக்கு?

அக்டோபர் 11, வெள்ளி
எத்திராஜ் அண்ணன் மதியம் சாப்பிடவில்லை. சாவிக்கொத்தை சார் மேஜையில் வைத்துவிட்டுப் போய்விட்டார். கம்ப்யூட்டர் தப்பு என்றால் என் வேலை போகும். சரி என்றால் அவர் திருடன். ரகசியமாகக் கொண்டுபோய் வைத்தால்? மூன்று முறை எண்ணிய ரேக்கில் நாலாவது முறை கிடைத்தால் அவர்தான் பயந்து திருப்பி வைத்தார் என்பார்கள்.

வாயைத் திறக்காம உட்கார்ந்திருந்தேனே — என்ன பொண்ணு நான். வெட்கமா இருக்கு.

அக்டோபர் 12, சனி
எத்திராஜ் அண்ணனை வீட்டுக்கே போய்க் கூட்டிவந்தேன். சாரையும் அவரையும் எதிரில் வைத்துக்கொண்டு ஸ்டிக்கரைக் கிழித்தேன். பேரிங்கை எடுத்து மேஜைமேல் வைத்து, பல்வலி முதல் எல்லாவற்றையும் சொல்லி மன்னிப்புக் கேட்டேன். அண்ணன் என் முகத்தைப் பார்க்கவில்லை.

சார் ஒரு கையில் பேரிங்கைத் தூக்கினார். பிறகு கம்ப்யூட்டரைத் தூக்கினார். "அப்போ நான் பார்த்து வாங்கினது இந்த பேரிங்கைத்தான்" என்றார். பேரிங்கை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டார். வேலை போயிற்று என்றே வீடு வந்து சேர்ந்தேன்.

அக்டோபர் 14, திங்கள். ஆயுத பூஜை
பூஜையையாவது பார்த்துவிட்டு வரலாம் என்று போனேன். ஸ்பேனர், ஜாக்கி, கல்லா எல்லாவற்றிலும் சந்தனமும் குங்குமமும். சாவிக்கொத்து எத்திராஜ் அண்ணன் இடுப்பில். கம்ப்யூட்டருக்குப் பொட்டு வைத்துக்கொண்டிருந்தார். "கை பட்டாலே நகருது, சனியன்" என்று என்னை முறைத்தார். முறைப்பில் பாதிதான் நிஜம்.

சார் பேரிங்கை என்னிடம் நீட்டினார். "உள்ளயே வச்சிடும்மா. லேசா இருந்தா எனக்கு நம்பிக்கை வரல. ஆனா லிஸ்ட்ல காட்டு."

வைத்து முறுக்கினேன். பிறகு என் நாற்காலியில் உட்கார்ந்து அடித்தேன்.

வீல் பேரிங் 24. ரேக்கில் 23. கம்ப்யூட்டருக்குள் 1.