பதினேழாம் செடிக்கு நான் போட்ட ஒன்பது

சவர்க்காரம் போட்டுத் தேய்த்தேன். நுரை பச்சையும் மஞ்சளுமாக வழிந்தது. மறுபடி தேய்த்தேன், மறுபடியும் அதே பச்சை. தக்காளித் தண்டைப் பிடித்த கை அப்படித்தான், எத்தனை தடவை கழுவினாலும் வாசம் விடாது. விரல்களை முகர்ந்துகொண்டே குழாயடியில் நின்றபோது பின் சந்தில் உன் கதவு திறக்கும் சத்தம் கேட்டது. திரும்பிப் பார்த்தேன். கதவில் பூட்டு தொங்கியது.

இன்று காலை ஒரு செடியைப் பிடுங்கப் போனேன். தண்டை இறுக்கிப் பிடித்தும் பிடித்தேன். பிறகு கையை எடுத்துவிட்டேன். நம் பதினேழாம் செடியின் வழியில் வந்த கடைசிச் செடி அது. பொட்டலத்தில் மிச்சமிருந்த விதைகளையெல்லாம் தூவி, முளைத்தது அது ஒன்றுதான். அதைப் பிடுங்கிவிட்டால் நீயும் நானும் சேர்ந்து செய்தது என்று சொல்ல இந்தச் சந்தில் எதுவும் இருக்காது.

போன வாரம் உன் வீட்டுக்காரர் வீட்டைக் காலி செய்துவிட்டு சிங்கப்பூரில் உங்கள் மகளோடு இருக்கப் போய்விட்டார். போகுமுன் ஒரு பிளாஸ்டிக் பையை என்னிடம் கொடுத்தார். உள்ளே நாம் பூவுக்கு வைத்திருந்த புருவ முடி பிடுங்கும் இடுக்கி, சிவப்பு நூற்கண்டு, உன் நீல அட்டை நோட்டு.

"அக்கா, இது உங்க ரெண்டு பேரு சமாச்சாரம், எனக்கு ஒண்ணும் புரியல. அவ போன்ல பாத்தா பூரா உங்க மிஸ்ட் கால்தான். ரெண்டு பேருக்கும் சண்டையாக்கும்னு நெனச்சுகிட்டு இருந்தேன்" என்றார்.

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அவருக்கு எப்படி விளக்குவது? பூவின் பக்கத்தில் உன் கைப்பேசியை வைத்து நீ பிடித்துக்கொள்வாய், நான் நாலடி தள்ளி நின்று உன் எண்ணை அழைப்பேன், நீ எடுக்க மாட்டாய். அது அதிர அதிர பூவிலிருந்து மகரந்தம் போத்தல் மூடிக்குள் மாவு மாதிரி உதிரும். "இன்னொரு தடவ அடிடி, இன்னும் இருக்கு" என்பாய். அவர் கண்ட மிஸ்ட் காலெல்லாம் நாம் தக்காளிப் பூக்களுக்குச் செய்துவைத்த கல்யாணத்தின் அழைப்புகள். அவர் போன பிறகு கதவைச் சாத்திக்கொண்டு அழுதேன்.

எப்படி ஆரம்பித்தோம் என்று நினைத்துப் பார்க்கிறேன். உன் வீட்டுப் பின்கதவும் என் வீட்டுப் பின்கதவும் ஒன்றையொன்று பார்த்தபடி இருக்க, நடுவே ஒரு கால்வாயும் ஆறடிச் சந்தும். நீ விடியுமுன்பே மோட்டார் சைக்கிளைக் கிளப்பிக்கொண்டு ஜொகூர்ப் பாலம் தாண்டி சிங்கப்பூருக்கு வேலைக்குப் போவாய். நான் பாசிர் கூடாங்கில் பிஸ்கட் தொழிற்சாலையில் தரம் பார்ப்பவள். நாள் முழுதும் பெல்ட்டில் வருவதைப் பார்த்து, இடையிடையே கடித்து ருசி பார்த்து, உடைந்ததையும் கருகியதையும் தூக்கிப் போடுவதுதான் என் உத்தியோகம். "ரிஜெக்ட் ராணி வந்துட்டாங்க, எல்லாரும் ஒழுங்கா நில்லுங்க" என்று பூச்சட்டிகளைப் பார்த்துச் சொல்வாய். ஒரு நாள் பாசார் சந்தையில் வாங்கி வந்த தக்காளியை நறுக்கிவிட்டு, "இது தக்காளியா, தண்ணி அடைச்ச பலூனா? இதுல ரசம் வச்சா புளிக்குத்தான் பேரு" என்றாய். நான் எப்போதும்போல, "வாய் பேசத்தான் லாயக்கு, நீயே ஒண்ணு செஞ்சு காட்டேன்" என்றேன். நீ செய்ய உட்கார்ந்துவிட்டாய். உன்னிடம் விளையாட்டுக்குக்கூட எதையும் சொல்லிவிட முடியாது.

தாய்ச் செடி ஜொகூரின் உட்பக்கம் ரெங்கம் என்ற ஊரில் கிடைத்தது. உன் சித்தி மகள் வீட்டு விசேஷத்துக்குப் போன இடத்தில், எண்ணெய்க்கு வளர்க்கும் செம்பனைத் தோட்டத்து வாய்க்கால் ஓரம் யாரும் நடாமல் தானாக முளைத்துக் கிடந்தது. கோலிக்குண்டு அளவு பழம், வாயில் போட்டால் காது வரைக்கும் புளிக்கும். ஆனால் எந்த மழைக்கும் சாகாத செடி. பட்டுச் சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு நீ வாய்க்காலில் இறங்கியதைப் பார்த்து உன் சொந்தக்காரர்கள் என்னிடம், "இதுக்கு என்னாச்சு?" என்று கேட்டார்கள். தகப்பன் சிங்கப்பூர்க் கடைப் பழம். கறுஞ்சிவப்பாக, தேன் மாதிரி இருந்தது. உன் சாப்பாட்டு டப்பாவில் மீந்து வந்த மூன்றில் இரண்டை நாம் தின்றோம், ஒன்றை விதைக்கு வைத்தோம். அதன் பிள்ளைகள் இந்த வெக்கையில் ஒன்றிரண்டு பூப் பூத்துவிட்டுச் செத்துப்போயின. அந்த ஒன்றிரண்டு பூ நமக்குப் போதுமாக இருந்தது.

விரியாத மொட்டைப் பிரித்து, உள்ளே இருக்கும் மஞ்சள் கூம்பை மட்டும் இடுக்கியால் உரித்து எடுக்க வேண்டும். கை நடுங்கினால் சூலகம் முறிந்துவிடும். ஏழு மொட்டுகளை நான் முறித்தேன். நீ ஒன்றைக்கூட முறிக்கவில்லை. மகரந்தம் தொட்ட பூவுக்குச் சிவப்பு நூல் கட்டி, "தாலி கட்டியாச்சு, யாரும் கண்ணு வைக்காதீங்க" என்பாய்.

முதல் தலைமுறை எல்லாம் ஒரே அச்சாக வந்தது, நமக்குச் சப்பென்று ஆகிவிட்டது. "பொறுடி. இதுங்க புள்ளைங்கதான் ஆட்டம் காட்டும்" என்றாய். அடுத்த தலைமுறையில் சந்து நெடுக இருபத்து நான்கு பாலிபேக் பைகளில் எண் போட்டுச் செடி வைத்தோம். ஒரு வயிற்றுப் பிள்ளைகள் என்று யாரும் நம்ப மாட்டார்கள். ஒன்று கொடி மாதிரி ஓடியது, ஒன்று முழங்காலுக்கு மேல் வளரவே இல்லை. பேரிக்காய் மாதிரி ஒன்று, கறுப்புத் தோளோடு ஒன்று.

அப்போதுதான் விதிகள் போட்டோம், ஞாபகம் இருக்கிறதா? ருசி பார்க்காமல் தீர்ப்புச் சொல்லக்கூடாது. ருசி பார்க்கும்போது இருவரும் முதுகைக் காட்டி உட்கார வேண்டும், ஒருத்தி முகத்தை ஒருத்தி பார்த்தால் மதிப்பெண் ஒட்டிக்கொள்ளும். பத்துக்கு எத்தனை என்று துண்டுத் தாளில் எழுதி மடித்த பிறகுதான் திரும்ப வேண்டும். வேண்டாம் என்று முடிவான செடியை அன்றைக்கே பிடுங்கிவிட வேண்டும், விதையும் எடுக்கக்கூடாது. "பாவம் பாத்தா பயிர் வெளங்காது" என்று சொன்னவள் நீதான். இன்னொன்றும் சொன்னாய். "சும்மா காய்க்கிற தக்காளி வேணும்னா பாசார்ல கெடக்குதுலா. நாம பண்றது ருசிக்கு. அது இல்லன்னா எல்லாத்தையும் பிடுங்கிப் போட்டுட்டுப் போய்கிட்டே இருக்கணும்."

பிறகு வாடல் நோய் வந்தது. காலையில் பச்சையாக நின்ற செடி மதியத்தில் தலையைத் தொங்கப் போட்டுவிடும், இரண்டு நாளில் ஆள் காலி. ஒன்றின் தண்டை வெட்டி நீ கண்ணாடிக் குவளைத் தண்ணீரில் நிறுத்தினாய். வெட்டுவாயிலிருந்து நோயின் கசிவு வெள்ளை நூலாக மெதுவாக இறங்கியது. "இத்தன நாளா உள்ளதான் இருந்திருக்கு. வெளிய ஒண்ணும் தெரியல பாரு" என்றாய். அந்த வாரம்தான் நீ பரிசோதனைக்கு ஜொகூர் பாரு ஆஸ்பத்திரிக்குப் போய் வந்திருந்தாய். அது எனக்கு அப்புறம்தான் தெரிந்தது. அந்தக் குவளையை நான் இன்னும் வைத்திருக்கிறேன். அதில் தண்ணீர் குடிக்க மாட்டேன்.

நீ வார்டில் இருந்த நாட்களில் இருபத்து நான்கு எட்டாகி, எட்டு ஐந்தாகியது. நான் தினமும் படம் எடுத்து அனுப்புவேன். பதினேழு மட்டும் ஒரு இலைகூடச் சுருங்காமல் நின்றது. நீ அனுப்பிய குரல் பதிவு இன்னும் என் கைப்பேசியில் இருக்கிறது. "பதினேழு என்னிய மாதிரிடி. மத்ததெல்லாம் போனாலும் அது நிக்கும் பாரு." நான் அதைப் பேருந்தில் உட்கார்ந்து கேட்டேன். அந்தக் கணத்திலேயே, பதினேழை வேண்டாம் என்று சொல்ல எனக்கு வழி இல்லாமல் போய்விட்டது.

நீ வீட்டுக்கு வந்த மறு வாரம் ருசி பார்த்தோம். தலையில் துணி கட்டியிருந்தாய், கை மெலிந்து வளையல் முழங்கை வரை ஏறியது. நான் வழக்கம்போல முதுகைக் காட்டி நாற்காலியைப் போட்டேன். "இன்னிக்கு எதிர்லயே உக்காருடி. முதுகு வலிக்குது, எனக்குச் செவுரு வேணும்" என்றாய். பாவம் என்று நினைத்துக்கொண்டு எதிரில் உட்கார்ந்தேன்.

ஒன்பதாம் செடியின் பழம் முதலில். நல்ல மழைக்கு வெடித்து, பாதிக்கு மேல் அழுகிய செடி அது, வாடலும் லேசாகத் தொட்டிருந்தது. ஆனால் அந்தப் பழம்! இனிப்பும் புளிப்பும் சேர்ந்து வந்து, விழுங்கிய பிறகும் நாக்கில் உட்கார்ந்திருந்தது. நாம் மூன்று வருடமாகத் தேடியது அதுதான். அடுத்து மூக்கு நீண்ட பழம், பதினேழு. வைக்கோலைத் தண்ணீரில் ஊறப் போட்டதுபோல் இருந்தது. நீ என்னையே பார்த்துக்கொண்டிருந்தாய். நான் கண்ணை மூடி, தலையை ஆட்டி, சிரித்தேன். பெல்ட்டில் வருவதை ஈவு இரக்கமில்லாமல் தூக்கிப் போடும் ரிஜெக்ட் ராணி, துண்டுத் தாளில் ஒன்பது என்று எழுதினாள். ஒன்பதாம் செடிக்கு ஐந்து போட்டிருந்தாள். நீ மடித்த தாளைப் பிரித்தோம். பதினேழுக்கு நீயும் ஒன்பது, ஒன்பதாம் செடிக்கு நீயும் ஐந்து.

விதிப்படி ஒன்பதாம் செடியை அன்றைக்கே பிடுங்கினோம். நான்தான் பிடுங்குவேன் என்றாய். உன் கைக்கு வரவில்லை, நானும் சேர்ந்து இழுத்தேன். வேர் அறுபடும்போது கிளம்பிய அந்த வாசம், இன்று என் விரலில் இருக்கும் இதே வாசம்தான். கீழே விழுந்த பழங்களைச் சந்துக் கோழிகள் தின்றன. ஒரே ஒரு பழத்தை நான் யாருக்கும் தெரியாமல் எடுத்து வைத்திருக்கலாம். உன்னிடம் பொய் சொல்லிவிட்டு விதியை மட்டும் மீறாமல் இருந்தேனே, என்ன நேர்மையடி எனக்கு!

நீ இறந்துபோன பிறகு பதினேழின் பிள்ளைகளை வளர்த்தேன், அவற்றின் பிள்ளைகளையும். "ருசி எங்கயும் போவாதுடி, ஒளிஞ்சிருக்கும். அடுத்ததுல எட்டிப் பாக்கும்" என்று நீ சொன்னதைப் பிடித்துக்கொண்டிருந்தேன். ஒவ்வொரு தடவையும் முதல் பழம் சிவக்கும்போது எனக்குத் தூக்கம் வராது. கடித்தால் அதே ஊறிய வைக்கோல். செடி மட்டும் கல்லு மாதிரி நிற்கும். அந்தச் செடிகளுக்குத் தண்ணீர் ஊற்றும்போதெல்லாம் எதிர்ச் சுவரில் சாய்ந்து யாரோ என் முகத்தைப் பார்த்துக்கொண்டிருப்பது மாதிரி இருக்கும். பயமில்லை. ஆனால் நிமிர்ந்து பார்க்க மாட்டேன்.

போன வாரம் நீல நோட்டைத் திறந்தேன். பதினேழாம் வரிசையில் என் ஒன்பது, உன் ஒன்பது. பக்கத்தில், ஓரத்தில், பென்சிலில் உன் பொடி எழுத்து: "மருந்துல நாக்கு செத்துப் போச்சு. எல்லாம் இரும்பு மாதிரி இருக்கு. இன்னிக்கு அவ மூஞ்சியப் பாத்துத்தான் போட்டேன்."

சுவர் வேண்டும் என்று நீ கேட்டது முதுகுவலிக்காக அல்ல. உனக்கு என் நாக்கு வேண்டியிருந்தது. இருபது வருடம் பிஸ்கட்டைத் தரம் பார்த்த நாக்கை நம்பி, அதற்கு வாசலாக என் முகத்தைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாய். நான் அந்த வாசலில் பொய்யை நிறுத்தி வைத்தேன். அல்லது, இந்த ஒரு வாரமாக என்னை உறங்கவிடாத கேள்வி இதுதான், நீ பொய்யையும் படித்துவிட்டாயா? உனக்காக நான் போடுகிறேன் என்று தெரிந்து, எனக்காக நீ போட்டாயா? ஒரு செடியின் தலையெழுத்தை நாம் இருவரும் பாவம் பார்த்தே கெடுத்தோமா? கேட்க ஆளில்லை. பழக்கதோஷத்தில் உன் எண்ணை அழைத்தேன். அந்த எண் பயன்பாட்டில் இல்லை என்று மலாயில் ஒரு பெண் சொன்னாள்.

அந்த முகம் என்னை விட்டுப் போகவில்லை, அதையும் உன்னிடம் சொல்ல வேண்டும். போன தீபாவளிக்கு என் மகள் முறுக்கு சுட்டாள். ஒன்றைக் கடித்தேன். "ம்மா, உப்புக் கூடிருச்சுன்னா சொல்லுங்கம்மா. நீங்க ஏன் இப்பல்லாம் எதைத் தின்னாலும் அந்தச் சிரிப்பு சிரிக்கிறீங்க?" என்றாள். நான் சிரித்ததே எனக்குத் தெரியாது.

சரி. கை கழுவிவிட்டு வந்தேன் என்றேன் அல்லவா. ருசி பார்க்காமல் பிடுங்கப் போனதும் விதிமீறல்தான். அதனால் திரும்பிப் போய், சிவந்திருந்த ஒரே பழத்தைப் பறித்தேன். நாற்காலியைச் சந்தில் போட்டு, விதிப்படி உன் கதவுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்தேன். கடித்தேன். அவசரப்படாமல் மென்று விழுங்கினேன். ருசி எட்டிப் பார்க்கவில்லை. உன் நோட்டில், உன் கையெழுத்துக்குக் கீழே, எனக்கான கட்டத்தில் நான்கு என்று எழுதினேன். உன் கட்டத்தில் ஒன்றும் எழுதவில்லை.

ரெங்கத்து வாய்க்காலோரம் அந்தப் புளிப்புச் செடி இன்னும் இருக்கிறதாம், உன் சித்தி மகளிடம் கேட்டுவிட்டேன். இடுக்கி இருக்கிறது, நூல் இருக்கிறது. நான் மொட்டு முறிக்கிறவள், தெரியும். பார்க்கலாம்.

எழுந்து போய்த் தண்டைப் பிடித்தேன். இந்த முறை விடவில்லை. வேர் மண்ணோடு வந்தது. உதறிவிட்டு நிமிர்ந்தபோது கன்னம் வலித்தது. ஏன் என்று தொட்டுப் பார்த்தேன். நான் சிரித்துக்கொண்டிருந்தேன்.