மரம் விழுங்கிய ஆணிகள்

அடையாறு,
செவ்வாய்க்கிழமை

அன்புள்ள செல்விக்கு,

நான் சுகம். உன் முழங்கால் வலி தேவலையா? நம் பூஜாக்குட்டிக்கு இருமல் நின்றதா?

நேற்று, மழையில் சாய்ந்த ஒரு தூங்குமூஞ்சி மரத்தை அறுக்க ஆரம்பித்தோம். பட்டைக்குள் கிடந்த ஆணியில் பட்டு மெஷினின் செயின் அறுந்து தெறித்தது. எனக்கு ஒன்றுமில்லை, கையுறைதான் கிழிந்தது. இங்கே மரத்துக்கு மரம் விளம்பரப் பலகை அடிக்கிறார்கள். பலகை போனாலும் ஆணியை மரம் விழுங்கிவிடுமாம், உனக்குத் தெரியுமா? அதனால் இன்று மெஷினைத் தொடும் முன் ஒரு காந்தத்தால் மரத்தைத் தடவினேன். எதிரே மீன் விற்கும் ரோஸியக்கா, "இன்னா நைனா, மரத்துக்கு வைத்தியம் பாத்துக்கினு கீறியா?" என்று சிரித்தார். காந்தம் ஒட்டிய இடத்தையெல்லாம் சாக்பீஸால் குறித்தேன். முப்பத்தொன்று!

அந்தக் காந்தம் இரவல். நம் வீட்டில் உடைந்து கிடக்கும் ஸ்பீக்கரில் பெரிய காந்தம் இருக்கும், கழற்றி அனுப்பு. பூஜா வரைந்த படம் ஏதாவது இருந்தால் பார்சலில் சேர்த்து வை.

லாரிக்காரர் ஹார்ன் அடிக்கிறார். ஒன்று மட்டும் சொல்லிவிடுகிறேன். மரத்தில் ஒரு பலகை இன்னும் தொங்கியது, "வீடு வாடகைக்கு" என்று. சும்மா அதிலிருந்த எண்ணுக்குப் பேசினேன். "எத்தினி பேரு?" என்று ஓர் அம்மா கேட்டார்.

மூன்று பேர் என்று சொல்லிவிட்டேன்.

இசக்கிராஜா