நாற்பத்திரண்டு நிமிடப் பிழை

போடிநாயக்கனூர்
14.11.2024

அன்புள்ள காசிராஜன் அவர்களுக்கு,

பொற்கொடி எழுதுகிறேன். உறையைக் கிழித்தெறியாமல் இதுவரை வந்துவிட்டீர்கள் என்றால் மீதியையும் படித்துவிடுங்கள். உங்கள் குடகு முகவரியை, ஸ்டோரில் உங்களோடு வேலை பார்த்த முத்துப்பேச்சியிடம் கேட்டபோது, "பத்தொம்பது வருசம் அடுப்பெரிச்ச மனுசன வாசல்ல நிப்பாட்டி அனுப்புனீங்க. இப்ப அவருகிட்ட என்ன சோலி?" என்றாள். கேட்க வேண்டிய கேள்விதான். கேட்டுவிட்டு முகவரியும் தந்தாள்.

செப்டம்பரில் குரங்கணிக்கு மேலே நம் உலர்த்தும் ஸ்டோரில் சூடு இறங்கி, ஒரு லோடு ஏலக்காய் நிறமிழந்து வெளுத்தது. இரண்டு மணிவரை அடுப்பைப் பார்க்க வேண்டிய நீங்கள் ஒன்று இருபதுக்கே வெளியேறியதாகக் கேமரா காட்டியது. அடுத்து வர வேண்டிய என் தங்கை மகன் லிங்கேஸ்வரன் சரியாக இரண்டுக்கு வந்ததாகவும் காட்டியது. "ரெண்டு தாண்டித்தான் டீச்சரம்மா எறங்குனேன்" என்று நீங்கள் சொன்னீர்கள். நான் திரையைத் திருப்பிக் காட்டினேன்.

நீங்கள் போன பிறகு வேறொரு வேலையில் இறங்கினேன். அங்கே இணையம் எட்டாது. வெப்பமானி, ஈரமானி, மடிக்கணினி ஒவ்வொன்றும் தனக்கென்று ஒரு நேரம் வைத்திருந்தது. முப்பது ஆண்டு இயற்பியல் கற்பித்தவளுக்கு அது பொறுக்கவில்லை. உள்ளங்கையளவு கணினிப் பலகை ஒன்றை வாங்கி, செயற்கைக்கோள்களிடம் நேரம் கேட்டு மற்ற கருவிகளுக்குச் சொல்லும் சர்வராக அமைத்தேன். முதலில் ஆன்டெனாவைத் தகரக் கூரைக்குக் கீழே வைத்து இரண்டு நாள் வீணாக்கினேன். தகரத்தை ஊடுருவி எந்தச் சமிக்ஞையும் வராது என்பது பாடம் நடத்தும்போது தெரிந்திருந்தது. தண்ணீர்த் தொட்டி மேல் வைத்ததும் ஏழு செயற்கைக்கோள்கள் அகப்பட்டன. மேற்கே மலை மறைக்கிறது. நான்கு இருந்தாலே போதும். மின்சாரம் நின்றால் அந்தப் பலகைக்கு நேரம் மறந்துபோகும். அதனால் பொத்தான் பேட்டரியுடன் ஒரு சிறு கடிகாரத்தையும் அதில் பொருத்தினேன்.

கடைசியாகக் கேமராவை இணைத்தேன். அது நாற்பத்திரண்டு நிமிடம் பின்தங்கியிருப்பதாகச் சர்வர் பதிவு செய்தது. கேமராப் பெட்டிக்குள் அப்படிப்பட்ட பேட்டரி கிடையாது. செப்டம்பரில் இன்வெர்ட்டர் பழுதுபார்க்கப் போயிருந்த ஒரு நாள் காலையில் மின்தடை வந்திருக்கிறது. மின்சாரம் திரும்பியதும் பெட்டி தான் நின்ற நேரத்திலிருந்தே மீண்டும் எண்ணத் தொடங்கியிருக்கிறது.

இன்றைய பிழை அன்றும் இருந்தது என்பதற்குச் சான்று வேண்டுமல்லவா? உங்களுக்கு எதிராக எடுத்து வைத்திருந்த அதே படப் பதிவில் களத்துக் கம்பத்தின் நிழலைப் பார்த்தேன். செப்டம்பரில் நம் ஊரில் நிழல் மிகக் குறுகுவது ஏறத்தாழப் பன்னிரண்டே காலுக்கு. பதிவில் பதினொன்றரைக்கே குறுகிவிட்டது. ஆகவே நீங்கள் இறங்கியது இரண்டு மணி இரண்டு நிமிடத்துக்கு. அவன் வந்தது இரண்டு நாற்பத்திரண்டுக்கு.

லிங்கேஸ்வரனைக் கேட்டேன். "சாப்ட்டு வரச் சொணங்கிருச்சு பெரியம்மா. கேமராவே ரெண்டுன்னு சொல்லும்போது நா எதுக்கு வாயத் தொறக்கணும்?" என்றான். அவனை அனுப்பிவிட்டேன். ஆனால் திரையை நம்பியது அவனல்ல, நான்.

உங்களை வேலைக்கு எடுக்க வேண்டாமென்று ஏல மையத்தில் மூன்று தோட்டக்காரர்களிடம் சொல்லியிருந்தேன். அது தவறென்று மூவருக்கும் எழுதிவிட்டேன். நேற்று எல்லோரையும் ஸ்டோர் வாசலுக்கு அழைத்து நடந்ததைச் சொன்னேன். காய் பொறுக்கும் கருத்தம்மா மட்டும், "இத அவரு முன்னாடில்ல டீச்சரம்மா சொல்லணும்" என்றாள்.

அவள் சொன்னது சரி. வேலைக்குத் திரும்புவதும் திரும்பாததும் உங்கள் விருப்பம்; அதைக் கேட்கும் உரிமை எனக்கில்லை. ஒரே ஒரு நாள் வாருங்கள். அதே வாசலில், அத்தனை பேருக்கும் முன்னால், உங்கள் முகத்தைப் பார்த்துச் சொல்கிறேன். எழுபத்தாறு வயதில் இதை நான் அதிகம் தள்ளிப்போட முடியாது.

குடகில் இப்போது குளிர் கடுமை என்கிறார்கள். தனியே ஒரு கம்பளி அனுப்பியிருக்கிறேன். கோபத்தை என்மேல் வைத்துக்கொள்ளுங்கள்; கம்பளியைத் திருப்பி அனுப்பிவிடாதீர்கள்.

உங்கள் நலம் வேண்டும்,
பொற்கொடி