அஞ்சு அம்பதுக்கு நனையும் மண்

மார்ச் 3

அன்புள்ள அண்ணி,

அங்க எல்லாரும் நல்லா இருப்பீங்க, நான்தான் நல்லா இல்ல. தக்காளித் தோட்டத்துல நட்டுட்டு வந்த சென்சார் என்னைப் பைத்தியமாக்குது. மண்ணு காஞ்சிருந்தா அது சிக்னல் அனுப்பும், காலைல ஆறு மணிக்கு மோட்டார் ஓடும், ஈரமானதும் நின்னுடும். இவ்வளவுதான் அதோட வேலை. ஆனா தினமும் சரியா அஞ்சு அம்பதுக்கு மண்ணு தானா நனையுது. மழையும் இல்ல. தோட்டத்துக்கு மோட்டார் ஓடி ஆறு நாளாச்சு. இங்க என் லேப்டாப்ல வர்ற ஈரக் கிராஃபை ஆன்லைன் குரூப்ல போட்டா பதினாலு பேர் பதினாலு காரணம் சொல்றாங்க. ஒருத்தன் பூமிக்கடியில ஊத்து இருக்குங்கறான். கொஞ்சம் போய்ப் பாருங்களேன். கிணத்துத் தண்ணி காய் பறிக்கற வரைக்கும் வரணும்னா இது வேலை செஞ்சே ஆகணும்.

உங்க வாலு நாத்தனார்

மார்ச் 6

வாலு,

போய்ப் பாத்தேன். நீ நட்ட குச்சி நட்ட இடத்துலதான் இருக்கு. பச்சை லைட் எரியுது. வேற ஒண்ணும் தெரியல. நேரத்துக்குச் சாப்பிடு.

அண்ணி

மார்ச் 11

அண்ணி,

நான் கேட்டது என்ன, நீங்க சொன்னது என்ன. புரோகிராமை மூணு தடவை அழிச்சு எழுதிட்டேன். கண்ணெல்லாம் எரியுது. இன்னைக்கு அண்ணன் போன் பண்ணி, "ரெண்டு வரிசை வாடிப்போச்சு. உன் விளையாட்டுச் சாமானை ஞாயித்துக்கிழமை பிடுங்கி எறிஞ்சிட்டு பழையபடி பாத்தி நிறையப் பாய்ச்சப்போறேன்"ங்கறார். அப்படிப் பாய்ச்சினா பத்தே நாள்ல கிணறு காலி. காய் பழுக்க இன்னும் இருபது நாள் இருக்கு. நான் வீடியோ பாத்துக் கத்துக்கிட்டவதானே, அதான் யாரும் நம்பல. நீங்களாவது என் பக்கம் பேசக்கூடாதா?

வாலு

மார்ச் 13

வாலு,

உன் புரோகிராம்ல தப்பு இல்ல. தினமும் அந்தக் குச்சி மேல ஒரு செம்புத் தண்ணி ஊத்தறது நான்தான்.

இருக்கறது ஒரே மோட்டார். ஆறு மணிக்குத் தோட்டத்துக்குத் தண்ணி போனா அடுப்படிக் குழாய்ல காத்துதான் வருது. சமைக்கணும், பாத்திரம் தேய்க்கணும், எல்லாரும் குளிச்சுக் கிளம்பணும். நீ நட்ட அன்னிக்கே "காலைல வேணாம்டி"ன்னேன். காதுல மாட்டினதைக் கழட்டாமலே தலையாட்டின.

ரெண்டு நாள் ஊத்தினா ஒண்ணும் ஆகாதுன்னு நினைச்சேன். செடி வாடினப்புறம் சொல்லப் பயம். உங்கண்ணனுக்குத் தெரியாது.

அண்ணி

மார்ச் 14

அண்ணி,

உங்க மெயிலைப் படிச்சதும் லேப்டாப்பைத் தூக்கிப் போட்டு உடைக்கலாம்னு வந்துச்சு. இல்லாத தப்பைத் தேடி இத்தனை நாள் மண்டையை உடைச்சிக்கிட்டேன். மார்ச் 6-லயே ஒரு வரி எழுதியிருக்கலாம். கோபம் போகல, இப்போதைக்குப் போற மாதிரியும் தெரியல.

அண்ணன்கிட்ட பேசிட்டேன். நேரத்தைத் தப்பா வெச்சது நான்னு சொன்னேன், அது பொய் இல்லயே. செம்பைப் பத்தி மூச்சு விடல. ஒரு வாரம் டைம் குடுத்திருக்கார். தோட்டத்துக்கு மோட்டார் எந்த நேரம் ஓடக்கூடாது? அதை மட்டும் எழுதுங்க.

நாத்தனார்

மார்ச் 14, சாயங்காலம்

வாலு,

அஞ்சரைலேர்ந்து எட்டரை வரைக்கும். ஞாயித்துக்கிழமை மட்டும் பத்து வரைக்கும் வேணும், அன்னிக்குத்தான் உங்கண்ணன் சோப்புப் போட்டுக் குளிக்கறார்.

வாடின ரெண்டு வரிசைக்கும் குடத்துல சுமந்து ஊத்திட்டு வந்துதான் இதை எழுதறேன். குச்சி பக்கமே போகல.

அண்ணி